அரபியில் 'வேண்டும்' என்று சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரபி எழுத்துகளைக் கூட்டிப் படித்து, நாலைந்து வினைச்சொற்களையும் பழகிய பிறகு எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்று உண்டு. 'நான் எழுத வேண்டும்' என்பதை எப்படிச் சொல்வது? அரபியின் தொடக்கப் பாடங்களைத் தமிழில் சொல்லித் தரும்போது இந்த ஒரு இடத்தில் கேள்விகள் குவிவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவற்றைப் பதிலோடு இங்கே தருகிறேன்.

உச்சரிப்பு பற்றி முதலில் ஒரு வார்த்தை. அரபியில் வல்லொலி 'ப' கிடையாது. அதனால் அரபிச் சொற்களில் வரும் 'ப' எல்லாவற்றையும் 'பஜார்' என்பதில் வருவதுபோல மென்மையாகவே படியுங்கள். ரமளான், ஃபர்ளு ஆகிய சொற்களில் 'ள' எழுதுகிற வழக்கத்தையே நானும் பின்பற்றுகிறேன். 'அலா' என்ற சொல்லின் முதல் ஒலி, தொண்டையிலிருந்து வரும் 'ஐன்'. தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை, காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். உதாரணங்களில் பெரும்பாலும் 'எழுது' என்ற ஒரே வினையை (கதப: எழுதினான், யக்துபு: எழுதுகிறான்) வைத்திருக்கிறேன். வினை மாறாமல் இருந்தால் மற்ற மாற்றங்கள் கண்ணில் படும்.

'நான் எழுத வேண்டும்' என்பதற்கு ஆக எளிமையான வாக்கியம் எது?

யஜிபு அன் அக்துப.

'யஜிபு' என்றால் 'கடமையாகிறது'. 'அன்' என்பது இரண்டு வினைகளைக் கோக்கும் சிறு சொல். 'அக்துப' என்பது 'நான் எழுத'. கடமை யார்மேல் என்பதை எடுத்துச் சொல்ல நினைத்தால் நடுவில் 'அலைய்ய' (என்மீது) சேரும்: யஜிபு அலைய்ய அன் அக்துப. இரண்டும் சரியான அரபிதான். எழுத்து மொழியில், செய்தியில், பாடநூலில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இந்த அமைப்பையே.

'யஜிபு' ஏன் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை? 'நான்' எங்கே போனது?

அந்த வினைக்கு எழுவாய் நீங்கள் இல்லை, அதனால்தான். 'அன் அக்துப' முழுவதையும் அரபி இலக்கணக்காரர்கள் ஒரே தொழிற்பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். 'நான் எழுதுவது' என்பதற்குச் சமம் அது. அதுதான் 'யஜிபு'வின் எழுவாய். ஆக வாக்கியத்தின் உள்ளமைப்பு, 'நான் எழுதுவது கடமையாகிறது' என்பதே.

தமிழர்களுக்கு இது புதிதே இல்லை. நான் எழுத வேண்டும், நீ எழுத வேண்டும், அவர்கள் எழுத வேண்டும். நம் 'வேண்டும்' எங்கேயாவது மாறுகிறதா? இல்லையே. 'எழுதுவது கட்டாயம்' என்று சொல்லும்போது அரபியின் அமைப்பையே அச்சாகச் சொல்லிவிடுகிறோம். அப்படியிருந்தும் பலர் இங்கே தடுமாறுவதற்குக் காரணம், நடுவில் ஆங்கிலத்தைக் கூட்டிக்கொண்டு வருவதுதான். ஆங்கிலத்தில் ஆள்தான் எழுவாய். அந்தப் பழக்கத்தில் 'நான்' என்பதைத் தூக்கி முன்னால் வைத்து, வினையையும் அதற்கேற்ப மாற்றி, 'அன அஜிபு அன் அக்துப' என்கிறார்கள். அதன் பொருள் 'நான் கடமையாகிறேன்' என்றாகிவிடும். தமிழிலிருந்து நேராக அரபிக்குப் போங்கள். இந்தப் பாடத்தில் பாதி வேலை அத்தோடு முடிந்துவிடும்.

செயல்தான் எழுவாய் என்பதற்கு ஒரு நல்ல சான்று: 'ஸகாத்' (இஸ்லாத்தில் கட்டாயமாகக் கொடுக்கும் தர்மம்) என்ற சொல் அரபியில் பெண்பால். அதனால் 'ஸகாத் கடமையாகிறது' என்பதை 'தஜிபுஸ் ஸகாத்து' என்பார்கள். வினை, கடமையாகும் பொருளின் பாலைப் பார்த்து 'தஜிபு' ஆகிவிட்டது. கொடுக்கிறவர் ஆணா பெண்ணா என்று அது பார்க்கவில்லை. 'அன்' வரும் வாக்கியங்களில் மட்டும் எப்போதும் 'யஜிபு'தான்.

ஆளை முன்னால் கொண்டுவரவே முடியாதா? முடியும். 'அத்தாலிபு யஜிபு அலைஹி அன் யக்துப': மாணவன், அவன்மீது கடமை, அவன் எழுதுவது. முன்னால் வந்தவரைப் பின்னால் 'அலைஹி' (அவன்மீது) என்று மறுபடி பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

'அன்' வந்த பிறகு வினை என்ன ஆகிறது?

தமிழும் அரபியும் பிரிகிற இடம் இதுதான். நம் 'எழுத' என்ற வடிவம் எல்லோருக்கும் ஒன்று. அரபியில் முன்வினை அசையாது, பின்வினை ஆளுக்கேற்ப மாறும். நான் என்றால் அக்துப. நீ (ஆண்) தக்துப, நீ (பெண்) தக்துபீ. அவன் யக்துப, அவள் தக்துப. நாங்கள் அல்லது நாம் நக்துப. நீங்கள் தக்துபூ, அவர்கள் யக்துபூ.

சாதாரண நிகழ்கால வடிவத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் வார்த்தையின் வாலில் மட்டும்தான். 'யக்துபு' என்பதில் கடைசி உகரம் அகரமாகி 'யக்துப' ஆகிறது. 'யக்துபூன', 'தக்துபீன' போன்றவற்றில் 'ன' உதிர்ந்துவிடுகிறது. 'யக்துப்ன' என்ற பெண்பால் பன்மை மட்டும் அப்படியே நிற்கும். இந்த வடிவத்துக்கு இலக்கணத்தில் 'மன்ஸூப்' என்று பெயர்.

இந்த மாற்றத்தில் நம்பிக்கை வரும்வரை தொழிற்பெயரையே நேராகப் போட்டுத் தப்பிக்கலாம். 'யஜிபு அலைக்க கிதாபதுர் ரிஸாலா', அதாவது 'கடிதம் எழுதுவது உன்மீது கடமை'. 'கிதாபா' பெண்பால் ஆயிற்றே, 'தஜிபு' என்றல்லவா வர வேண்டும் என்று கேட்பீர்கள். அதுவும் சரிதான். ஆனால் இடையில் 'அலைக்க' வந்து பிரித்துவிடுவதால் 'யஜிபு' என்றே விடவும் இலக்கணம் இடம் கொடுக்கிறது.

இந்த 'அலா' ஏன் எல்லா இடத்திலும் வருகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அரபியில் கடமை என்பது ஒருவர்மேல் ஏற்றி வைக்கப்படும் பாரம். 'அலா' என்றால் 'மேல்'. புத்தகம் மேசைமேல் இருக்கிறது என்பதற்கும் அதே சொல்தான். 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்ற வாழ்த்தை அறியாதவர் யாரும் இல்லை. 'அமைதி உங்கள்மீது' என்ற அந்த 'அலைக்கும்'தான் இங்கேயும் வருகிறது. அமைதி உங்கள்மேல் இறங்குவதுபோல கடமையும் உங்கள்மேல் இறங்குகிறது.

இது இவ்வளவு வலுவான சொல் என்பதால் 'யஜிபு' இல்லாமலேயே தனியாக நிற்கும். 'அலைக்க அன் தக்துப' என்றாலே 'நீ எழுத வேண்டும்' என்று பொருள். ஐ.நா. சபை 1948-இல் ஏற்ற உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் முதல் உறுப்புரையை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் சகோதர உணர்வோடு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அதன் அரபி வடிவம் 'வஅலைஹிம் அன் யுஆமில பஃளுஹும் பஃளன் பிரூஹில் இஃகா' என்கிறது. 'வேண்டும்' என்று தனியாக ஒரு வினை அதில் எங்கும் இல்லை. 'அவர்கள்மீது' என்ற ஒரு சொல்லே அந்த வேலை முழுவதையும் செய்துவிடுகிறது.

இதற்கு எதிர்ச்சொல்போல நிற்பது 'லி', அதாவது 'க்கு'. ஒருவருக்கு உரியது 'லஹு', ஒருவர்மேல் உள்ளது 'அலைஹி'. கணக்கு வழக்கிலும் இதே ஜோடிதான். 'லீ அலைஹி அல்ஃபு திர்ஹம்' என்றால், சொல்லுக்குச் சொல், 'எனக்கு அவன்மேல் ஆயிரம் திர்ஹம்'. அவன் எனக்கு ஆயிரம் திர்ஹம் தர வேண்டும் என்பது பொருள். குர்ஆனின் 2:286 வசனம் 'லஹா மா கஸபத் வஅலைஹா மக்தஸபத்' என்று, ஓர் ஆன்மா சம்பாதித்த நன்மை அதற்கு, தேடிக்கொண்ட தீமை அதன்மேல் என்கிறது. இரண்டு சின்னச் சொற்களில் வரவும் செலவும் வந்துவிட்டன.

தர வேண்டிய பணமும் செய்ய வேண்டிய கடமையும் ஒரே சொல்லில் அடங்குவது தமிழருக்கு விளக்கித் தெரிய வேண்டியதில்லை. நம் 'கடன்' அதைத்தான் செய்கிறது. பழந்தமிழில் கடமைக்கும் கடன் என்றே பெயர். 'கடன்பட்டிருக்கிறேன்' என்று நன்றியோடு சொல்வதும் அதே வழியில் வந்ததுதான்.

இன்னொன்று. 'அலைக்க பி' என்று தொடங்கினால் 'இதைப் பிடித்துக்கொள்' என்று அறிவுரையாகும். 'அலைக்க பிஸ்ஸப்ர்': பொறுமையைக் கைவிடாதே.

'லா புத்த' என்று ஒன்று வருகிறதே, அது என்ன?

'புத்த்' என்றால் பிரிவு, விலகல், தப்பும் வழி. 'லா புத்த' என்றால் 'தப்ப வழியே இல்லை'. லா புத்த மின் அன் அக்துப: நான் எழுதியே ஆக வேண்டும். தமிழில் 'எழுத வேண்டும்' என்பதற்கும் 'எழுதியே ஆக வேண்டும்' என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, 'யஜிபு'வுக்கும் 'லா புத்த'வுக்கும் நடுவில் ஏறக்குறைய அவ்வளவு தூரம். ஆளைச் சேர்க்கும்போது மட்டும் கவனம், இங்கே 'அலா' வராது, 'லி' வரும்: லா புத்த லீ மின் அன் அக்துப. 'எனக்குத் தப்ப வழியில்லை' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், ஏன் 'க்கு' வருகிறது என்பது தானாக விளங்கும்.

இந்த 'லா' சாதாரண 'இல்லை' அல்ல. ஒரு வகையையே வேரோடு மறுக்கும் 'லா'. அதன்பின் வரும் பெயர் அகரத்தில் முடிந்து நிற்கும். 'லா இலாஹ' என்பதிலும் இதே 'லா'தான்.

சிரியா, லெபனான் பக்கத்துப் பேச்சில் 'பித்தீ' என்று கேட்டால் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 'எனக்கு விருப்பம், எனக்கு வேணும்' என்ற பொருளில் வருவது. 'வித்த்' என்ற விருப்பச் சொல்லிலிருந்து பிறந்தது, 'புத்த்'துக்கு உறவில்லை.

'யன்பகீ'க்கும் 'யஜிபு'க்கும் என்ன வித்தியாசம்?

'யன்பகீ' என்பது 'தகும், முறை' என்ற வகை. 'யன்பகீ அன் தக்துப' என்றால் நீ எழுதுவதுதான் முறை, எழுதினால் நல்லது. கட்டளையின் கடுமை அதில் குறைவு. பெரியவர்களிடமோ பழக்கமில்லாதவர்களிடமோ ஒன்றைச் செய்யச் சொல்ல நேர்ந்தால் 'யஜிபு'வைவிட இதுதான் காதுக்கு இதமாக இருக்கும்.

ஆனால் பழைய நூல்களில், குறிப்பாக எதிர்மறையில், இது கனமாகவும் வரும். குர்ஆனின் 36:40 வசனத்தில் 'சூரியன் சந்திரனை எட்டிப்பிடிப்பது' என்பதற்கு 'யன்பகீ' மறுக்கப்படுகிறது. அங்கே 'நல்லதல்ல' என்று எடுத்தால் பொருளே கெட்டுவிடும். அது நடக்கவே நடக்காது, அதன் இயல்பிலேயே இல்லை என்பதுதான் கருத்து. ஆகவே இன்றைய கட்டுரையில் ஒரு எடை, பழைய நூலில் வேறு எடை என்று நினைவில் வையுங்கள்.

'எழுதக் கூடாது', 'எழுத வேண்டியதில்லை': இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

தவறு நேர்ந்தால் உண்மையிலேயே பாதிப்பு வரும் இடம் இது. மெதுவாகப் படியுங்கள்.

'லா' எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'யஜிபு'வுக்கு முன்னால் வைத்தால் கடமை மறுக்கப்படுகிறது: லா யஜிபு அன் தக்துப, 'நீ எழுதுவது கடமையில்லை'. எழுதும் வினைக்கு முன்னால் வைத்தால் செயல் மறுக்கப்படுகிறது, கடமை அப்படியே இருக்கிறது: யஜிபு அல்லா தக்துப, 'நீ எழுதாமலிருப்பது கடமை', அதாவது எழுதக் கூடாது. இங்கே 'அன்' என்பதும் 'லா' என்பதும் ஒட்டி 'அல்லா' ஆயின. இறைவன் பெயரான 'அல்லாஹ்' வேறு, அதன் முடிவில் ஹகரம் உண்டு.

கணக்காகப் பார்த்தால் விஷயம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். நடைமுறையில் இன்றைய செய்தி நடையில் பலரும் 'லா யஜிபு அன்' என்று எழுதிவிட்டு 'கூடாது' என்ற பொருளை எண்ணுகிறார்கள். எனவே படிக்கும்போது சூழலைப் பார்த்து முடிவு செய்யுங்கள், எழுதும்போது அந்த அமைப்பையே தவிர்த்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. இரண்டு பக்கமும் ஐயமில்லாத சொற்கள் நிறைய இருக்கின்றன.

தடை என்றால் 'யஜிபு அல்லா', அல்லது 'லா யஜூஸு' (அனுமதி இல்லை). நேரடியாகச் சொல்ல 'லா தக்துப்' (எழுதாதே). தேவையில்லை என்றால் 'லைஸ அலைக்க அன் தக்துப' (எழுதுவது உன்மேல் இல்லை), அல்லது 'லா ஹாஜத இலல் கிதாபா' (எழுதத் தேவையில்லை), அல்லது 'லைஸ மினள் ளரூரீ அன் தக்துப' (எழுதுவது அவசியமில்லை). 'லா யன்பகீ' பெரும்பாலும் 'தகாது, கூடாது' என்ற பக்கம்தான் சாயும்.

நம் 'வேண்டாம்' இரண்டு பக்கமும் போய்வரும் சொல் என்பதையும் கவனியுங்கள். 'நீ வர வேண்டாம்' என்பது தடையாகவும் இருக்கலாம், 'சிரமப்படாதே' என்ற கரிசனமாகவும் இருக்கலாம். அரபியாக்குவதற்கு முன் எது என்று மனதில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தமிழில் தெளிவில்லாமல் நினைத்ததை அரபியில் தெளிவாகச் சொல்ல முடியாது.

இறந்தகாலத்தில் எப்படி?

முன்னால் 'கான' (இருந்தது) சேர்த்தால் போதும். 'கான யஜிபு அலைக்க அன் தக்துப': நீ எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலும் 'ஆனால் எழுதவில்லை' என்ற குறை அதில் ஒளிந்திருக்கும். 'கான அலைக்க அன் தக்துப' என்றும் சொல்லலாம்.

வேறு வழியில்லாமல் செய்துவிட்டோம், 'எழுத வேண்டியதாயிற்று' என்று சொல்ல வேறு வினை இருக்கிறது: உள்துரிர்து இலல் கிதாபா. 'உள்துர்ர' என்பது செயப்பாட்டு வடிவம். 'நிர்ப்பந்திக்கப்பட்டேன்' என்று தமிழில் சொல்வதும் செயப்பாட்டு வடிவம்தானே. 'ளரூரா' (அவசியம்) என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே. நம் பேச்சில் 'ஜரூர்' என்று ஒரு சொல் இருக்கிறது, அதுவும் இந்த 'ளரூர்'தான். பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது.

இப்போது ஒரு பொறி. 'அவன் எழுதியிருக்க வேண்டும்' என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள். ஒன்று, எழுதுவது அவன் கடமையாக இருந்தது, செய்யவில்லை. இன்னொன்று, அடையாளங்களைப் பார்த்தால் அவன்தான் எழுதியிருக்கிறான் என்று தோன்றுகிறது. தமிழில் சொல்லும் தொனியே பிரித்துக் காட்டிவிடும். அரபியில் இரண்டும் இரண்டு வாக்கியங்கள். கடமை என்றால் 'கான யஜிபு அன் யக்துப'. ஊகம் என்றால் 'லா புத்த அன்னஹு கதப', 'அவன் எழுதினான் என்பதைத் தவிர வேறு வழியில்லை'. நிகழ்காலத்திலும் ஊகத்துக்கு இதேதான்: லா புத்த அன்னஹு மரீள், 'அவனுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்க வேண்டும்'. கடமை சொல்லும்போது 'அன்', ஊகம் சொல்லும்போது 'அன்ன' என்ற வேறுபாட்டைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எதிர்காலத்துக்கு 'ஸயஜிபு' என்று ஒரு 'ஸ' முன்னால் ஒட்டினால் சரி.

'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பதற்கும் 'யஜிபு' போடலாமா?

கூடாது. நம் 'வேண்டும்' விருப்பத்தையும் தேவையையும் கடமையையும் ஊகத்தையும் ஒரே தோளில் சுமக்கிறது. அரபியில் அவை தனித்தனி. விருப்பம் என்றால் 'உரீது' (விரும்புகிறேன்), தேவை என்றால் 'அஹ்தாஜு இலா'. இந்த இரண்டும் 'யஜிபு' மாதிரி அல்ல, ஆளுக்கேற்ப முழுமையாக மாறும் வினைகள். 'யஜிபு' கடமைக்கு மட்டும்.

வாஜிப், ஃபர்ளு, லாஸிம்: மூன்றும் ஒன்றுதானா?

அகராதியில் மூன்றுக்கும் 'கட்டாயம்' என்று போட்டிருக்கும். ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒவ்வொரு காட்சி இருக்கிறது. 'வஜப' என்ற வேருக்கு 'விழுதல்' என்ற பொருளும் உண்டு. குர்ஆனின் 22:36 வசனத்தில் அறுக்கப்பட்ட ஒட்டகங்கள் பக்கவாட்டில் சாய்வதற்கு இதே வினைதான் வருகிறது. அப்படியானால் வாஜிப் என்பது ஒருவர்மேல் வந்து விழுந்தது. 'ஃபரள' என்றால் வெட்டுதல், வெட்டி அடையாளமிடுதல், பங்கை வரையறுத்தல். ஃபர்ளு என்பது இவ்வளவு என்று அளந்து வெட்டி வைத்தது. 'லஸிம' என்றால் ஒட்டிக்கொள்ளுதல், விடாமல் பற்றுதல். லாஸிம் என்பது உங்களை விட்டுப் பிரியாதது. அப்புறம் 'புத்த்', பிரிவு. 'லா புத்த' என்பதும் பிரிய முடியாததுதான், மறுபக்கத்திலிருந்து சொன்னது.

மார்க்கச் சட்டத்தில் இவை கலைச்சொற்கள். மனிதச் செயல்களை வாஜிப் (கட்டாயம்), மன்தூப் (விரும்பத்தக்கது), முபாஹ் (அனுமதி), மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது), ஹராம் (தடை) என்று ஐந்தாகப் பிரிப்பார்கள். ஷாஃபி உள்ளிட்ட மத்ஹபுகளில் (மார்க்கச் சட்டப் பள்ளிகளில்), ஹஜ் விதிகள் போன்ற சில இடங்களைத் தவிர, ஃபர்ளும் வாஜிபும் ஒரே பொருளில் வருகின்றன. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள் இரண்டையும் பிரிக்கிறார்கள். ஐயத்துக்கே இடமில்லாத ஆதாரத்தால் நிறுவப்பட்டது ஃபர்ளு, அதற்கு அடுத்த நிலை ஆதாரம் கொண்டது வாஜிப். அதனால்தான் வித்ரு என்ற இரவுத் தொழுகை ஹனஃபிகளுக்கு வாஜிப், ஷாஃபிகளுக்கு சுன்னத்து (கட்டாயமில்லை, விரும்பத்தக்கது).

அன்றாட அரபியில் இந்த நுணுக்கம் எதுவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கே 'வாஜிப்' என்றுதான் பெயர்.

சட்டம், ஒப்பந்தம் போன்றவற்றில் வேறு சொற்கள் வருகின்றனவா?

வருகின்றன. ஒப்பந்தம் படிக்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வினை 'யல்தஸிமு'. 'யல்தஸிமுத் தரஃபுஸ் ஸானீ பி...' என்றால் 'இரண்டாம் தரப்பு இன்னதைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது'. 'லஸிம' வேர்தான் இதுவும். இங்கே ஆள்தான் எழுவாய், ஆகவே 'யஜிபு' வாக்கியத்தைப் படிக்கும் பழக்கத்தில் இதைப் படித்துவிடாதீர்கள். யார் பெயர் இந்த வினையை ஒட்டி வருகிறதோ அவர்தான் செய்ய வேண்டியவர். கையெழுத்துப் போடும் முன், முதல் தரப்பு யார், இரண்டாம் தரப்பு யார் என்பதைப் பார்த்துவிட்டு, 'யல்தஸிமு' வரும் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படியுங்கள். 'யதஅய்யனு அலா' என்பதும் அலுவலக நடையில் 'செய்தாக வேண்டும்' என்ற பொருளில் நிறைய வரும்.

மூன்றாம் ஆளுக்கு ஆணையிட 'லி' சேர்த்த வடிவம் உண்டு. 'லியக்துப்', அவன் எழுதட்டும், எழுதுவானாக. முன்னால் 'ஃப' வந்தால் 'ஃபல்யக்துப்' என்று சுருங்கும். இங்கே வினையின் கடைசி உயிர் முழுதாக விழுந்துவிடுவதைக் கவனியுங்கள். இது 'மஜ்ஸூம்' வடிவம்.

செயப்பாட்டு வினையில் விதிப்பதும் ஒரு வழி. நோன்பு பற்றிய 2:183 வசனம் 'குதிப அலைக்குமுஸ் ஸியாமு' என்கிறது. சொல்லுக்குச் சொல், 'நோன்பு உங்கள்மீது எழுதப்பட்டது'. நாம் இதுவரை பழகிய அதே 'எழுது' வினைதான், 'அலா' சேர்ந்ததும் 'விதிக்கப்பட்டது' என்று ஆகிவிட்டது.

பேசும்போது யாரும் 'யஜிபு' சொல்வதாகத் தெரியவில்லையே?

ஆமாம், பேச்சில் 'யஜிபு' சொன்னால் செய்தி வாசிப்பதுபோல இருக்கும். எகிப்து, சிரியா, லெபனான், ஈராக், வளைகுடா நாடுகள் என்று பெரும்பகுதியில் 'லாஸிம்' ஒன்றே போதும். எகிப்தியப் பேச்சில் 'லாஸிம் அக்திப்', நான் எழுதணும். 'அன்' தேவையில்லை, வாலில் அகரம் தேவையில்லை, 'லாஸிம்' மாறுவதும் இல்லை. இறந்தகாலத்துக்கு 'கான் லாஸிம் அக்திப்'. தொடக்கத்திலேயே பேச வேண்டிய அவசரம் உள்ளவர்கள் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் நாள் ஓடும்.

மேற்கே போனால் காட்சி மாறும். துனீசியாவில் 'லாஸிம்னீ' என்று ஆளையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். மொராக்கோவில் சொல்லே வேறு: 'கஸ்ஸ்னீ நக்தப்', எனக்கு எழுதணும். 'கஸ்ஸ்' என்பதோடு ஆளைக் குறிக்கும் ஒட்டு மாறிக்கொண்டே வரும். கஸ்ஸ்னீ எனக்கு, கஸ்ஸக் உனக்கு. 'எனக்குத் தேவை' என்ற நம் அமைப்பைப் போலவே இருப்பதால் தமிழர் நாக்குக்கு இது சுலபமாகவே வரும்.

எகிப்தின் 'மிஷ் லாஸிம்' பற்றி ஒரு எச்சரிக்கை. அது 'தேவையில்லை' என்றும் 'கூடாது' என்றும் இரு பொருளிலும் வரும், சொல்லும் விதத்தில்தான் தெரியும். புரியாவிட்டால் கூச்சப்படாமல் திருப்பிக் கேளுங்கள்.

ஒருவர் நம்மிடம் 'லாஸிம்' என்று சொன்னால் எப்படிப் பதில் சொல்வது?

மனமார ஏற்றுக்கொண்டால் 'அலா ராஸீ', 'என் தலைமேல்' என்பார்கள். எழுத்து வழக்கில் 'அலா ரஃஸீ'. கண்ணையும் சேர்த்து 'அலா அய்னீ வ ரஃஸீ' என்பது இன்னும் பணிவு. பாரத்தை உங்கள்மேல் வைக்க வந்த அதே 'அலா'தான், இப்போது நீங்களே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறீர்கள். தமிழில் 'சிரமேற்கொண்டு' என்கிறோமே, அதே காட்சி.

செய்து முடித்த பிறகு அவர் 'ஷுக்ரன்' என்று நன்றி சொல்வார். அதற்கு வழக்கமான பதில் 'லா ஷுக்ர அலா வாஜிப்', கடமைக்கு நன்றி இல்லை. 'லா புத்த'வில் பார்த்த அந்த 'லா', கூடவே 'அலா', கூடவே 'வாஜிப்'. மூன்றையும் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள், தயங்காமல் சொல்லுங்கள்.